ஐம்பத்தைந்து

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று
சொன்னவரை ஒரு கோடைக்கு
இந்த வேலையில் அமர்த்திப் பார்க்க வேண்டும்.
அயோவாவில் மே மாதக் கடைசி.
மைதானத்தைச் சுற்றிலும் சோளம், கணுக்கால் உயரம்.
எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

எங்கள் அளவுகோல் இருபதில் தொடங்கி
எண்பதில் முடியும். ஐம்பது சராசரி.
எறியவே தெரியாதவனுக்கும் இருபது உண்டு,
கடவுளே வந்து எறிந்தாலும் எண்பதுதான்.
ஏன் இப்படி என்று கேட்டால்
வகுத்தவர் செத்துப்போனார் என்பார்கள்.

இன்றிரவு நான் பார்க்க வந்தது
ப்ரென்னர் ஹோல்ம். பத்தொன்பது வயது, இடக்கை பிட்சர்.
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே
அப்பாவின் டிராக்டர் கடனை அடைத்தவன்.
கிளப்பின் பட்டியலில் நான்காம் இடம்.
மூன்றாம் இடத்துக்கு ஆவானா என்று
காலைக்குள் நான் சொல்ல வேண்டும்.

முதல் இன்னிங்ஸில் தொண்ணூற்றாறு மைல்.
தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு.
பின்னிருக்கைக் குழந்தை ஒன்று
என் ரேடார் கன்னை எட்டிப் பார்த்து
எண்களை உரக்கப் படித்தது.
வளைபந்து அரைக் கணம் காற்றில் யோசித்து
படி தவறியவனைப்போல் விழுந்தது.
அறுபது என்று எழுதினேன். அழுத்தியே எழுதினேன்.

இடைவேளையில் டைனோசர் உடுப்பில் இருவர் ஓடினார்கள்.
ஒருவர் தடுக்கி விழுந்தார்.
அன்றைய பெரிய கைதட்டல் அதற்குத்தான்.
வேலிக்கு அப்பால் சரக்கு ரயில், நூற்றுப்பத்துப் பெட்டி.
எண்ணினேன். பழக்க தோஷம்.

ஐந்தாவதில்தான் கேட்சரைப் பார்த்தேன்.
அதுவரை அந்த இடத்தில்
ஒரு கையுறை மட்டுமே இருந்தது.
ஜூர்மல் இசேனியா. குராசோ தீவு. இருபத்தேழு வயது.
இதே கீழ்ப்படியில் ஐந்தாவது கோடை.
எங்கள் தாள்களில் இவர்களுக்கு ஒரு சொல் உண்டு:
நிரப்பு.
வருங்காலம் எறிந்தால்
யாராவது பிடிக்க வேண்டுமே.

வளைபந்து எறிந்த பையன்
விரல்களை உதறினான், ஈரத்தை உதறுவதுபோல்.
அதன்பின் இசேனியா வளைபந்தே கேட்கவில்லை.
நேர்ப்பந்து, நேர்ப்பந்து, நேர்ப்பந்து.
இரண்டு பேர் வேலிவரை அடித்தார்கள்.
கேட்டதையே திரும்பக் கேட்டான்.

ஆட்டம் முடிந்து, வண்டிகள் நிறுத்துமிடம்.
தோளில் பை, முழங்காலில் ஐஸ் கட்டு,
நேராக என்னிடம் வந்தான்.
“ஐம்பத்தைந்து போடுங்கள்.”
“யாருக்கு?”
“அவனுக்கு. அறுபது போட்டால்
ஜூலையில் மேலே தூக்கிவிடுவார்கள்.
அந்த முழங்கை ஜூலையைத் தாங்காது.
பந்து வந்து விழும்போது எனக்குத் தெரிகிறது.”
பெருவிரல் வீங்கிய இடக்கையைக் காட்டினான்,
சான்றிதழைக் காட்டுவதுபோல்.
“அவனிடம் சொன்னாயா?”
“சொன்னேன். அவனுக்குப் பத்தொன்பது வயது.”
தன்னைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
பேருந்து ஹாரன் அடித்தது. போய்விட்டான்.

மோட்டல் சுவருக்கு அப்பால்
ஐஸ் எந்திரம் இருமிக்கொண்டிருந்தது.
அப்போதுதான் உறைத்தது கணக்கு.
பையன் இங்கே இருக்கும்வரைதான்
இசேனியாவுக்கு இங்கே சம்பளம்.
பையன் மேலே போனால்
மறுவாரமே நிரப்புக்குச் சீட்டுக் கிழியும்.
அப்படியானால் எதைக் காப்பாற்றச் சொன்னான்,
முழங்கையையா, ஜூலையையா?
ஒரே வாயால் இரண்டையும் கேட்கலாம்.
இரண்டும் மெய்யாகவும் இருக்கலாம்.
பந்து நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று
பிசகாமல் சொல்லும் கருவி
என் பெட்டியில் சும்மா கிடந்தது.

பையன் விரலை உதறியதை நானும் பார்த்தேன்.
பார்த்தும் எழுதவில்லை.

அறுபதை அழித்தேன். அழுத்தி எழுதியது,
லேசில் போகவில்லை, தாள் கொஞ்சம் கிழிந்தது.
ஓரமாக ஐம்பத்தைந்து.

பிறகு இசேனியாவின் தாளைத் தேடி எடுத்தேன்.
பந்து பிடிப்பு என்ற கட்டத்தில்
போன ஆண்டு யாரோ நாற்பது போட்டிருந்தார்கள்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
என் கையெழுத்துதான்.